உருளை, மோட்டார், சாய்வு

ஓய்வு பெற்ற பிறகும் என்னிடம் படிவம் நிரப்ப ஆட்கள் வருகிறார்கள். முப்பத்தொரு வருடம் பிரதேச செயலகத்தில் இருந்தவன். எந்த விண்ணப்பம் எந்த மேசையில் படுத்துக் கிடக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அந்தப் பெருமைதான் உருத்திரபுரத்துப் பெண் ஒருவரை ஏறக்குறைய கெடுத்தது.

அவா அரிசிமா வறுத்து விற்பவா. தாச்சிச் சட்டியில் வறுத்தால் அடி கருகும், மேல் பச்சையாக இருக்கும். அதனால் ஒரு தகர உருளையைப் பழைய சைக்கிளின் சங்கிலியோடு பூட்டி, உமி நெருப்புக்கு மேல் சுற்றவிட்டிருந்தா. மிதித்தால் உருளை சுழலும், மா ஒரே நிறமாக வறுபடும். வவுனியாவில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் வியாபாரி ஒருவர் அந்த மாவை வாங்கிப் பார்த்துவிட்டு, நோன்பு தொடங்க முன்னர் இருபது மூட்டை கேட்டார். தவறினால் குருநாகலில் எடுப்பேன் என்றும் சொல்லிவிட்டார். சைக்கிள் மிதித்து இருபது மூட்டை ஆகாது. பெரிய உருளையும் மோட்டாரும் வேண்டும். அந்த வருடம் புத்தாக்கத் தொழில்முயற்சிகளுக்கு அரசாங்கத்தின் உபகரண உதவி என்று அறிவித்திருந்தார்கள். அவா என்னிடம் வந்தா.

ஸ்கந்தபுரத்தில் வெல்டிங் கடை வைத்திருப்பவர் செய்து தருவதாகச் சொல்லியிருந்தார். ஆனால் நடைமுறைப்படி மூன்று இடத்தில் விலைமனு எடுக்க வேண்டும். அதற்கு ஒரு விவரக்குறிப்பு எழுத வேண்டும். எழுதினேன். ‘மா’ என்று எழுதினால் உணவாகிவிடும், சுகாதாரப் பரிசோதகரின் கடிதம் கேட்பார்கள். ‘நெருப்பு’ என்று எழுதினால் பிரதேச சபை அனுமதி கேட்பார்கள். இரண்டையும் விட்டேன். மின்மோட்டாரால் சுழலும் உலோக உருளை, இரும்புத் தாங்கியில் பொருத்தப்பட்டது, சாய்த்துக் கொட்டத்தக்கது. என் சேவைக் காலத்திலேயே அவ்வளவு சுத்தமான விவரக்குறிப்பை நான் எழுதியதில்லை. ஒரு கேள்வியும் இல்லாமல் பதினொரு நாளில் அனுமதியாயிற்று.

கையளிப்பு விழாவுக்கு நானும் போயிருந்தேன். தையல் மெசின்கள், கோழிக்கூடுகள், தண்ணீர்ப் பம்புகள். ஒவ்வொன்றிலும் வெள்ளை மையில் இலக்கம். வரிசையின் கடைசியில் செம்மஞ்சள் நிறத்தில், வயிறு பெருத்து, வாயைத் திறந்தபடி ஒன்று நின்றது. அவா அதைச் சுற்றி வந்தா. பிறகு என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னா.

“ஐயா, இது வீடு கட்டுற ஆக்கள் கொங்கிறீற் குழைக்கிற மெசினெல்லோ.”

வெல்டிங் கடைக்காரரைவிடக் குறைந்த விலை கொடுத்தது ஒரு கட்டடப் பொருள் கடை. அதற்கே கொடுக்க வேண்டும் என்பது விதி. விவரக்குறிப்பை எடுத்து அவா முன்னால் ஒருமுறை வாசித்தேன்.

“நீங்கள் எழுதினதெல்லாம் இதில இருக்கு. மாதான் இல்லை,” என்றா.

மேடையில் அழைத்தார்கள். அவா போய்ப் பெற்றுக்கொண்டு, படத்துக்கும் நின்றா. நோன்புக்கு இன்னும் பதினாறு நாள் இருந்தது.

மாற்றித் தரச் சொல்லி மேன்முறையீடு எழுதலாம் என்றேன். எத்தனை நாள் எடுக்கும் என்று கேட்டா. மூன்று மாதம் என்றேன். அவா மெசினை லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏற்றி நேரே ஸ்கந்தபுரம் கொண்டுபோனா. நானும் பின்னால் போனேன், வேறென்ன செய்வது.

வெல்டிங் கடைக்காரர் தனக்குத்தான் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் துருப்பிடிக்காத சில்வர் தகட்டை ஏற்கெனவே உருளையாக வளைத்து வைத்திருந்தார். மெசினைக் கண்டதும் சிரித்தார்.

“மாவுக்குச் சல்லிக்கல்லும் போடப் போறியளோ?”

அவா சிரிக்கவில்லை. கொங்கிறீற் உருளையைக் கழற்றிவிட்டு, அந்த மோட்டாரிலும் தாங்கியிலும் சில்வர் உருளையைப் பூட்ட ஏலுமோ என்று கேட்டா. அவர் மெசினின் சாய்க்கும் சக்கரத்தைப் பிடித்து ஒருமுறை சாய்த்துப் பார்த்தார். இவ்வளவு இலேசாகச் சாய்க்கிற வசதியைத் தன்னால் செய்திருக்க ஏலாது, இதில் வறுத்த மாவை அகப்பையால் அள்ளுகிற வேலை மிச்சம் என்றார். ஆனால் அரசாங்கச் சாமானில் கைவைக்கப் பயந்தார். இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

நிபந்தனைக் கடிதத்தை எடுத்தேன். விற்கக் கூடாது, கைமாற்றக் கூடாது, ஈடு வைக்கக் கூடாது.

“கழற்றக் கூடாதெண்டு இல்லை,” என்றேன். அன்றைக்கு நான் செய்த ஒரே உபகாரம் அதுதான்.

சில்வர் உருளைக்குப் பதிலாக ஒரு வருடம் அவர் வீட்டுக்கு மா என்று பேசி முடித்தார்கள். நாலாம் நாள் நெருப்பு மூட்டினார்கள். முதல் தடவை கொட்டிய மா கருகியிருந்தது. மோட்டாரின் வேகம் அதிகம், மா உருளையோடு ஒட்டியே சுற்றியது. ஒரு பெரிய கப்பி மாட்டிக் குறைத்தார்கள். அயலில் இரண்டு பெண்களை வேலைக்கு எடுத்தா, ஒருவர் மாவை அரித்தெடுக்க, ஒருவர் அடுப்புக்கு. நோன்புக்கு முதல்நாள் பத்தொன்பது மூட்டை வவுனியா போனது. வியாபாரி குறைந்த ஒன்றைப் பற்றித்தான் முதலில் கேட்டாராம். பிறகு ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் எழுதிக்கொண்டார்.

கண்காணிப்புக்கு வந்த உத்தியோகத்தர் தாங்கியில் இலக்கத்தைப் பார்த்தார், முற்றத்தில் கவிழ்ந்து கிடந்த செம்மஞ்சள் உருளையையும் பார்த்தார். ‘உபகரணம் பாவனையில் உள்ளது’ என்று எழுதிவிட்டுப் போனார்.

போன மாதம் பொதி செய்யும் மெசினுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று வந்தா. பேனையை எடுத்தேன்.

“நீங்கள் இருங்கோ ஐயா, நான் எழுதிப்போட்டுத் தாறன். பிழை இருந்தாச் சொல்லுங்கோ.”

முதல் வரியிலேயே மா என்று இருந்தது. சுகாதாரப் பரிசோதகரின் கடிதத்தையும் அவா கையோடு கொண்டுவந்திருந்தா.