வால்வுக்காரருக்குக் கிடைத்த மூடும் உரிமை

இருபத்திரண்டு வருடமாக அந்த ஊருக்குத் தண்ணீர் விட்ட வால்வுக்காரருக்குத் தெரிந்த அரசியல் ஒன்றே ஒன்றுதான்: கீழ்த்தெரு வால்வு திறந்திருக்கும்வரை மேல்தெருவுக்கு ஒரு சொட்டும் ஏறாது. அதனால் காலையில் கீழ்த்தெருவுக்கு அரை மணி திறப்பார். பிறகு அதை இறுக மூடிவிட்டு மேல்தெருவுக்குத் திறப்பார். இதை எந்தக் கல்லூரியும் அவருக்குச் சொல்லித்தரவில்லை, குழாய் சொல்லித்தந்தது.

தலைநகரத்துக்கு அது பொறுக்குமா? நாடு முழுக்க ஒரே முறை என்று சட்டம் போட்டார்கள். ஓர் அதிகாரி வந்து இரண்டு வால்வையும் சேர்த்துத் திறந்துவைத்து, எல்லாத் தெருவும் சமம் என்று படம் எடுத்துக்கொண்டு போனார். இனி தலைநகரத்தின் எழுத்து இல்லாமல் யாரும் எந்த வால்வையும் திறக்கக் கூடாதாம். மாகாணத்துக்காரர்கள் சும்மா இருப்பார்களா? எங்கள் உரிமை எங்கே என்று ஒரே வாரத்தில் மூன்று மாநாடு கூட்டி, மல்லுக்கட்டி, மூடுகிற அதிகாரத்தை வாங்கி வந்தார்கள். மேடை என்ன, மாலை என்ன! அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

அதிகாரி திறந்துவைத்துப் போன நாளிலிருந்து கீழ்த்தெருவில் காருக்கும் குளியல். மேல்தெருக் குழாயில் வெறும் காற்று. வால்வுக்காரர் ஆள் பிடித்து எழுதித் தலைநகரத்துக்கு இரண்டு மனு அனுப்பினார். பதில் இல்லை. அவரை இடுப்பில் தூக்கி வளர்த்த அக்கா மேல்தெருவில்தான் இருந்தார். அறுபத்தெட்டு வயதில், முட்டி வீங்க, எண்பது படி இறங்கிக் கீழ்த்தெருவிலிருந்து குடம் சுமந்தார். பன்னிரண்டாம் நாள் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"என்னக்கா, இங்க உக்காந்துட்ட?"

"இனிமே என் தம்பி வால்வுக்காரன்னு நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்டா. வெக்கமா இருக்கு."

வால்வுக்காரர் நேரே மாகாணத் தண்ணீர் மேற்பார்வையாளரிடம் போனார்.

"திறக்கறது தலைநகரம்ப்பா. நான் என்ன பண்ண முடியும்?"

"மேல்தெரு திறந்துதான் சார் இருக்கு. கீழ்த்தெருவை மூடணும்."

"மூடறதா? அது நம்ம உரிமையாச்சே. போராடி வாங்கினது" என்று நெஞ்சை நிமிர்த்திக் கையெழுத்தே போட்டுக் கொடுத்தார். தன் வீடும் கீழ்த்தெருவில்தான் என்பது பேனாவை மூடிய பிறகும் அவருக்கு உறைக்கவில்லை.

வால்வுக்காரர் மூடினார். மேல்தெருக் குழாய்கள் இருமிவிட்டுக் கொட்டின. வழக்கம்போல என்றால் மறுநாள் காலை கீழ்த்தெருவுக்குத் திறந்திருப்பார். ஆனால் திறப்பது தலைநகரம் அல்லவா? வால்வு திருகும் சாவியைத் துடைத்து ஆணியில் மாட்டினார்.

மறுநாள் மாடித் தொட்டி தீர்ந்து, காதோரம் காய்ந்த சோப்போடு மேற்பார்வையாளர் வந்து நின்றார்.

"யோவ், திறயா."

"அது தலைநகரம் சார்."

"எழுதிப் போட்டா எத்தனை நாளாகும்?"

"நான் போட்ட ரெண்டுக்கே இன்னும் பதில் காணோம் சார். அவசரம்னா எங்க அக்கா வீட்டுக் குழாயில புடிச்சுக்குங்க. எண்பது படிதான்."

ஏறினார், பாவம், வாளியோடு.

மூன்றாம் நாளே ஆணை வந்துவிட்டது. கீழ்த்தெருக்காரர்கள் எழுதினால் தபாலுக்கு இறக்கை முளைக்கும் போல. ஊரின் மேடுபள்ளத்தைக் கருதி, பரிசோதனையாக, வால்வுக்காரர் தன் விருப்பப்படி திறந்து மூடலாமாம். இந்தப் புதுமையைக் கண்டுபிடித்தது தலைநகரம் என்று ஒரு பலகை நட்டார்கள். போராடிப் பெற்றது மாகாணம் என்று எதிரிலேயே இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே ஒருக்களித்து நுழைந்துதான் அவர் வால்வுக் குழிக்குள் இறங்க வேண்டியிருந்தது.

"பத்து நிமிஷம் லேட்டு" என்றார் அக்கா, குடத்தைக் குழாயடியில் வைத்தபடி.

"ரெண்டு பலகைக்கு நடுவுல மாட்டிக்கிட்டேன்க்கா."

"பலகை மேல பழி போடாத. தொப்பையக் குறை."