இரண்டாவது கோடு

மக்டலீனுக்கு அந்தக் காரைத் துளியும் பிடிக்கவில்லை. எதிர்காலம் இப்படித்தான் இருக்கும் என்று யப்பானில் வடிவமைத்துக் காட்சிக்கு அனுப்பிய ஸ்போர்ட்ஸ் கார் அது. கதவுக்குக் கைபிடி இல்லை, பக்கக் கண்ணாடி இல்லை, தரையோடு தாழ்ந்த வெள்ளை உடம்பில் ஒரு பொருத்துக்கூடத் தெரியாது. "உது பிரேதம் மாதிரிக் கிடக்குது, ரதி" என்பாள் என்னிடம். ரொறன்ரோ கார்க் கண்காட்சியில் எங்கள் இருவருக்கும் துடைக்கிற வேலை. அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம், மனம் தங்கம்.

மன்னார்க்காரி. டோர்செட் பார்க்கில் என் கட்டடத்திலேயே எனக்கு மேல்மாடியில் குடியிருக்கிறாள். கணவர் அன்புராசா கடைசிப் போரில் காணாமற்போனவர். வருடந்தோறும் அவருடைய சுகத்துக்காக மாதா கோயிலில் பூசை ஒப்புக்கொடுப்பாள். ஒருமுறை சுவாமியார் வாய்தவறி இறந்தவர்களுக்கு வாசிப்பதுபோல "ஆன்ம இளைப்பாற்றிக்கு" என்று வாசித்துவிட்டார். அதன்பிறகு அவள் அந்தக் கோயில் வாசலையே மிதிக்கவில்லை; பூசையை வேறு கோயிலில் கொடுத்தாள். அவளைப் பொறுத்தவரை கணவர் எங்கோ உயிரோடு இருக்கிறார், அதற்கு யாரும் மறுபேச்சுப் பேசக்கூடாது.

காரை வடிவமைத்தவர்களுக்கு ஓர் ஆசை. வீட்டார் கிட்ட வரும்போது கார் அவர்களை அறிந்து வரவேற்க வேண்டுமாம். அதற்காக முகப்பில் விளக்குக்குப் பதிலாக மெல்லிய ஒளிக்கோடுகள் வைத்திருந்தார்கள். முன்னால் எத்தனை பேரோ அத்தனை கோடு எரியும். நான் போனால் ஒன்று. மக்டலீன் தனியே போனால் இரண்டு.

"நீ இரண்டுபேற்றை சாப்பாட்டைச் சாப்பிடுறனி எல்லே, அதுதான்" என்று நக்கலடித்தேன். மறுநாளும் இரண்டு. காருக்குப் பொறுப்பான அன்ட்ரூ சென்சரை மாற்றினான், வேறு ஆட்களை நிறுத்திப் பார்த்தான். எல்லாருக்கும் கணக்குச் சரி. அவளை நிறுத்தினான். இரண்டாவது கோடு அவளுக்கு இடது பக்கம், ஆளில்லாத இடத்துக்கு நேரே எரிந்தது. அவள் நகர, அதுவும் நகர்ந்தது. அன்ட்ரூ வெறுந்தரையைப் பார்த்துவிட்டுக் கருவிப்பெட்டியை மூடினான்.

"அன்புராசா அண்ணைதான் உன்னோடை நிக்கிறார் போல" என்றேன், ஆறுதலாக இருக்கட்டும் என்று.

அவள் முகம் இருண்டது. "இஞ்சை நிக்கிறாரெண்டால், பிறகு எங்கையடி உயிரோடை இருக்கிறார்?"

அதற்குப் பிறகு அவள் காரின் பக்கவாட்டை மட்டும் துடைத்தாள். முகப்புக்குப் போகவே இல்லை. கடைசி நாள் காலை, சனத்தை உள்ளே விடுமுன், துணியை என் கையில் தந்துவிட்டு நேரே போய் முன்னால் நின்றாள். இரண்டு கோடுகள் எரிந்தன. இடது பக்கம் திரும்பினாள்.

"இஞ்சருங்கோ, என்னோடை நிக்காதேங்கோ. போங்கோ. எங்கையாவது உயிரோடை இருங்கோ."

இரண்டாவது கோடு மெல்ல மங்கி அணைந்தது.

நான் ஓடிப்போய்ப் பிடிப்பதற்குள் அவள் தொப்பென்று தரையில் இருந்துவிட்டாள்.

"என்ரை சொல்லை அந்த மனுசன் ஒருநாளும் தட்டினதில்லை, ரதி" என்றாள். அவருக்காக அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான்.