பின்கட்டில் யாரும் இல்லை

அந்த பங்களா ஓட்டலின் பின்பக்கத்தில் ஒன்பது மாடி எழுப்ப அனுமதி தரலாமா என்று பார்க்க ஐந்து பேர் கொண்ட குழு வந்தது. ஐவரில் ஒருவரும் பின்பக்கத்தைப் பார்க்கவில்லை. நாளிதழின் நகரப் பக்கத்துக்காக நானும் போயிருந்தேன்.

கன்டோன்மென்ட்டில் வெள்ளைக்காரர் ஒருவர் குடியிருக்கக் கட்டிய வீடு அது. ஜன்னல்களுக்கு மேல் கூம்பிய மரத் தடுப்புகள். பெங்களூரில் மங்கி டாப் என்பார்கள். குழுவில் இருந்த ஓய்வுபெற்ற பேராசிரியர் அதன் கீழே நின்று முக்கால் மணி நேரம் பேசினார். பழைய கதவுக் கீல் ஒன்றைப் படம் எடுக்க முழங்கால் போட்டார். எழுந்து பேன்ட்டைத் தட்டிவிட்டு, மழை பெய்ததால் பின்கட்டு சேறாக இருக்கும் என்று எல்லோருக்குமாக முடிவு செய்தார். மற்றவர்கள் நன்றியோடு தலையாட்டினார்கள்.

"பங்களாவோட ஆன்மாவைத் தொடவே மாட்டோம் சார்" என்றார் ஓட்டல்காரர்கள் அமர்த்தியிருந்த கட்டடக் கலைஞர். அவருடைய வரைபடத்தின்படி ஆன்மா முன்வாசலோடு முடிந்துவிட்டது. பின்னால் இருந்ததை 'பாழடைந்த கொட்டகைகள், குடியிருப்போர் இல்லை' என்று குறித்திருந்தார்.

நான் காலையிலேயே பின்கேட் வழியாக வந்து பார்த்திருந்தேன். அந்தக் கொட்டகைகளில் ஒன்றில் ஓட்டலின் துணிகளைத் துவைத்துத் தேய்க்கும் பெண் கணவரோடு குடியிருந்தார். கதவில் மூன்று என்று எண் எழுதியதே ஓட்டல்தான்.

"ப்ளான் பாஸாச்சுன்னா நாங்க வெளியதாண்ணா" என்றார். "ஆதார்ல பொண்ணு வீட்டு அட்ரஸ், ஹெப்பகோடி. இங்க இருக்கோம்னு லெட்டர் கேட்டா மேனேஜர் குடுக்கல. அப்புறம் எதை வச்சு நியாயம் கேக்கறது?"

குழு மதியம் வராந்தாவில் சாப்பிட்டது. மீன் வறுவல் இரண்டு முறை வந்தது. அவர்கள் வாய் துடைத்த துணிகள் அந்தப் பெண் தேய்த்தவை. சாப்பாடு முடிந்ததும் குழுவின் எழுத்தர் மஹஜரை எடுத்தார். இடத்தை நேரில் பார்த்து, பார்த்ததை எழுதி, அக்கம்பக்கத்தார் இருவரிடம் கையெழுத்து வாங்கும் காகிதம் அது. இவர்களுடையது முந்தின நாளே, 'குடியிருப்போர் இல்லை' என்ற வரியோடு, அலுவலகத்தில் கன்னடத்தில் டைப் ஆகிவிட்டது. ஐவரும் கையெழுத்துப் போட்டார்கள். இருவர் உடனே கார் ஏறிப் போனார்கள்.

சாட்சிக்கு ஆள் வேண்டும். பக்கத்து வீட்டு வாட்ச்மேன் ஒருவர் கிடைத்தார். இன்னொருவருக்கு மேனேஜர் சமையலறைப் பக்கம் திரும்பிக் கத்தினார்: "பின்னாடி யாராச்சும் இருந்தா வரச் சொல்லு!"

அந்தப் பெண் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தார்.

"இல்லி சைன் மாடம்மா. கீழ அட்ரஸ்" என்று கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினார் எழுத்தர்.

"என்னா சார் எழுதியிருக்கு?"

"ஒண்ணுமில்லம்மா. ஜாகா பாத்தோம்னு."

"ரேகை வச்சா போதுமே, எதுக்கு இவ்வளவு நேரம்?" என்றார் பேராசிரியர், வாட்சைப் பார்த்து.

தொம்மலூரில் கன்னடப் பள்ளியில் படித்தவர் அந்தப் பெண். காகிதத்தை எடுத்து, வரிக்கு அடியில் விரலை ஓட்டி, முதலிலிருந்து கடைசிவரை படித்தார். கையெழுத்துப் போட்டார். அடியில், மூன்றாம் எண், ஓட்டல் பின்கட்டு என்று கன்னடத்தில் நிறுத்தி எழுதினார்.

மேனேஜர் எட்டிப் பார்த்தார். "ஏம்மா, ஆதார்ல ஹெப்பகோடிதானே? அதைப் போடு."

"ஹெப்பகோடிக்காரி இங்க எப்படி சார் அக்கம்பக்கம் ஆவேன்?"

வாட்ச்மேன் சிரித்துவிட்டு, உடனே இருமினார். அடித்துத் திருத்தினால் ஐவரும் பக்கத்தில் சின்னக் கையெழுத்துப் போட வேண்டும், இருவர் போய்விட்டார்கள். எழுத்தர் கோப்பை மூடினார். "விடுங்க சார். யாரு படிக்கப் போறாங்க?"

மேலே ஓர் அதிகாரி படித்தார். அவரைப் பெரிய நியாயவான் என்று நான் சொல்லமாட்டேன். கோப்பைக் கடைசிப் பக்கத்திலிருந்து புரட்டும் பழக்கம் அவருக்கு. குடியிருப்போர் இல்லையென்றால் இந்தச் சாட்சி யார் என்று ஓரத்தில் எழுதி, அனுமதியை நிறுத்திவைத்து, மறு ஆய்வுக்கு அனுப்பினார். பேராசிரியர் அதற்குள் கதவுக் கீலைப் பற்றிக் கட்டுரையே எழுதி முடித்திருந்தார்.

மறு ஆய்வுக்கும் நான் போனேன். இந்தமுறை வராந்தாவில் சாப்பாடு இல்லை. ஐவரும் பேன்ட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றில் நடந்து, மூன்றாம் எண் கதவுக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். யார் தட்டுவது என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதற்குள் அந்தப் பெண்ணே கதவைத் திறந்தார்.

"யார் வேணும் சார்?"

எழுத்தர்தான் பேனாவைத் திறந்து, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார்.

"ரெண்டு பேரு" என்றார் அவர். "எழுதுங்க. எழுதி முடிச்சு என்கிட்ட குடுங்க, படிச்சிட்டுதான் தருவேன்."