என் விமானமும் மச்சானின் பொறுமையும்

இன்று சிதம்பரத்திலிருந்து மஞ்சக்குப்பத்துக்கு என் விமானத்தை மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் போனேன். பிளாஸ்டிக் கட்டைகளை ஒவ்வொன்றாகப் பொருத்தி நான் கட்டிய ராணுவச் சரக்கு விமானம். அதன் இறக்கை பக்கத்து சீட்டுக்காரர் மடிவரை நீண்டது.

மச்சான் வீட்டைப் பார்க்கப் பெண் வீட்டார் வருகிறார்கள், ஷோகேஸில் வைத்தால் எடுப்பாக இருக்கும் என்று என் மனைவிதான் கேட்டாள்.

எங்கள் வீட்டுக்கு யாராவது வந்தால் அதைப் போர்வை போட்டு மூடுகிறவள் அவள். "வளந்த ஆளு பண்ற வேலையா இது?" என்பாள். அவளே கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

பெண்ணின் அப்பா நேராக விமானத்திடம் போனார். "யாரு செஞ்சது?"

நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி சொன்னாள். "எங்க தம்பிதாங்க. அவ்ளோ பொறுமை அவனுக்கு."

மச்சான் வெட்கப்பட்டுச் சிரித்தான்.

"சாமான் ஏத்துற கதவு எங்க தம்பி?" என்று அவர் கேட்க, அவன் விமானத்தின் மூக்கைத் தடவினான். சம்பந்தம் கெட்டுவிடக் கூடாதே என்று நானே எழுந்துபோய் வால் பக்கம் திறந்து காட்டினேன்.

"பரவால்லியே, மச்சான் செய்யும்போது கூடவே இருந்து பாத்திருக்கீங்க" என்றார் என்னிடம்.

சம்பந்தம் முடிவாகிவிட்டது. விமானம் அங்கேயே இருக்கட்டுமாம்.

திரும்பும் பஸ்ஸில், வேறொன்று கட்டட்டுமா என்று மனைவியைக் கேட்டேன்.

"வளந்த ஆளு பண்ற வேலையா அது?"

மச்சானுக்கு முப்பத்திரண்டு வயது. அவன் எப்போது வளர்ந்த ஆள் ஆவான் என்று தெரிந்தவர்கள் கீழே சொல்லுங்கள்.