கணக்கில் சேராத காதுகள்

என் அத்தானுக்குத் தெருவில் ‘காது டாக்டர்’ என்று பெயர். ஊசி போடுகிற டாக்டர் இல்லை. காதுக்குள் போன சத்தம் மூளைக்குள் எப்படிப் பேச்சாகப் புரிகிறது என்று ஆராய்ச்சி செய்கிறவர். இதை எத்தனை தடவை விளக்கினாலும் பக்கத்து வீட்டுக்காரர் காதைப் பிடித்துக்கொண்டு வந்து, கொஞ்சம் அழுக்கு எடுத்துவிடச் சொல்லி நிற்பார். அத்தானும் சலிக்காமல் டார்ச் அடித்துப் பார்த்து அனுப்புவார். அப்படி ஒரு நிதானம். அந்த நிதானம்தான் கடைசியில் வினையானது.

அவர் வேலை பார்த்த இடத்தில் சின்னதாக ஓர் அறை உண்டு. சுவர், கூரை, கதவு எல்லாவற்றிலும் பஞ்சு அடைத்திருக்கும். கதவைச் சாத்தினால் நாம் எச்சில் விழுங்குவது நமக்கே கேட்கும். வருகிறவர்களை அங்கே உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, முதலில் மெல்லிய ஒலிகளைக் கொடுப்பார். கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். அதில் தேறியவர்களுக்கு அடுத்தது. கடைவீதி இரைச்சல் பின்னால் ஓட, நடுவே ஒரு குரல் ஏதாவது வாக்கியம் சொல்லும். “கேட்டதைத் திருப்பிச் சொல்லுங்க” என்பார் அத்தான். முதல் சோதனையில் ஜோராகத் தேறி இரண்டாவதில் சொதப்புகிறவர்களை அவர் கணக்கிலேயே சேர்க்க மாட்டார். காது நன்றாக இருந்தும் சொல்லத் தெரியவில்லை என்றால் ஆள் கவனிக்கவில்லை என்றுதானே அர்த்தம்? அவருக்குப் பாடம் சொன்ன வாத்தியாரும் அப்படித்தான் ஒதுக்குவாராம்.

கல்யாணமான புதிதில், ஆள் கிடைக்காத ஒரு நாளில், என் அக்காவையே அந்த அறையில் உட்காரவைத்தார். அக்கா அதற்கு முன் அச்சகத்தில் வேலை பார்த்தவள். நாள் முழுக்க இயந்திரங்களுக்குப் பக்கத்தில் நின்று தாள் அடுக்குவாள். முதல் சோதனையில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. இரண்டாவதில் பாதிகூடத் தேறவில்லை. அத்தான் சிரித்துக்கொண்டே அவளைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார். அதோடு விட்டிருக்கலாம். அடுத்த வாரம் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தபோது, “உங்க பொண்ணுக்கு ஊசி விழுந்தாக்கூட கேக்கும் மாமா. மனசுதான் பராக்கு பாக்கப் போயிடுது” என்று அப்பாவிடம் சொன்னார். எல்லோரும் சிரித்தோம். அக்காவும் சிரித்தாள்.

அன்றிலிருந்து அவளுக்குப் பராக்கு என்றே பெயர் நிலைத்துவிட்டது. அடுக்களையில் குழாய் ஓடும்போது எதையாவது கேட்டால் வேறு எதையாவது கொண்டுவந்து நீட்டுவாள். பராக்கு. நாலு பேர் கூடிப் பேசுகிற இடத்தில் எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு இவள் சிரிப்பாள். பராக்கு. அத்தானின் தங்கை ஒருபடி மேலே போய், கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காத தலைக்கனம் என்று சொந்தக்காரர்கள் காதில் எல்லாம் ஓதினாள். அக்கா ஒரு வழி கண்டுபிடித்தாள். யார் என்ன சொன்னாலும் லேசாகச் சிரித்து, தலையை ஆட்டி, “சரிங்க” என்பாள். புரியாவிட்டாலும் சரிங்க. திட்டினாலும் சரிங்க. பிறகு அதுவும் அலுத்துப்போய், விசேஷங்களுக்குப் போவதையே நிறுத்திக்கொண்டாள்.

ஆனால் பின்கட்டு அறையில், கதவைச் சாத்திக்கொண்டு அவளோடு தனியாகப் பேசிப் பார்க்க வேண்டும். ஒரு வார்த்தை தவறவிட மாட்டாள். அத்தானின் தங்கை நடப்பதுபோல் நடந்துகாட்டி என்னை வயிறு வலிக்கச் சிரிக்கவைப்பாள். ஒருநாள் அப்படிச் சிரித்து முடித்ததும், “எனக்கு மூளை கொஞ்சம் மட்டுதான்டா. உங்க அத்தானே சோதிச்சுப் பாத்துட்டாரே” என்றாள். வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. தன் உயரம் இவ்வளவு என்று சொல்வதுபோல் சொன்னாள்.

வருஷங்கள் ஓடின. அத்தானின் ஆய்வகத்துக்குப் புதுக் கருவி ஒன்று வந்தது. தலையில் பசை தடவி ஒயர்களை ஒட்டினால், காது நரம்பு மூளைக்கு அனுப்பும் சேதி திரையில் சின்ன மேடாக எழும்பும். சரிபார்க்க ஆள் தேவைப்பட்டது. பக்கத்தில் குடியிருந்த, தறி ஓட்டி ஓய்ந்த ஓர் அம்மாளைக் கூப்பிட்டார். முன்பு அவர் கணக்கில் சேர்க்காமல் ஒதுக்கியவர்களில் ஒருத்தி. மெல்லிய ஒலியெல்லாம் அப்போதும் அவளுக்கு நன்றாகவே கேட்டது. ஆனால் திரையில் மேடு பாதி உயரம்தான் எழும்பியது. காது வாங்கிக்கொள்கிறது, நரம்பு பாதியைத்தான் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. பல வருஷத் தறிச் சத்தம் நரம்பை அரித்திருந்தது. அமைதியில் அது தெரியாது. கூட்டத்தில், இரைச்சலில், பேச்சு கலங்கிப்போகும்.

அன்று சாயங்காலம் அவர் தன் வீட்டுக்குப் போகாமல் என் வீட்டுக்கு வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“அச்சகத்துல வேலை பாத்தவ மாப்ளே. அத ஒரு நாள்கூட நான் யோசிக்கல. அவ பராக்கு இல்ல.”

இப்போதே போய் அவளிடம் சொல்லச் சொன்னேன். முடியாது என்றார். ஒரே ஓர் ஆளை வைத்து முடிவு கட்டக்கூடாதாம். ஒருமுறை அவள்மேல் தப்பான முடிவை ஏற்றியாகிவிட்டது, இன்னொரு முறை தப்பாகிவிடக் கூடாதாம். நிச்சயமாகத் தெரியாமல் அவளை மறுபடி சோதனைக்கு உட்காரவைக்கவும் மனசு வரவில்லையாம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவரை நன்றாகக் கேட்டிருப்பேன். ஆனால் கண் கலங்கி உட்கார்ந்திருந்தவரை என்ன சொல்ல? நானே அவளிடம் போய்ச் சொல்வதிலும் பொருளில்லை. அது அவர் வாயால் வர வேண்டிய வார்த்தை.

ஒதுக்கியவர்களை எல்லாம் தேடிப்பிடித்து, ஒருவர் விடாமல் சோதித்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில்தான் அக்காவுக்கு மூச்சிரைப்பு ஆரம்பித்தது. முதலில் மாடிப்படி ஏறும்போது, பிறகு படுத்தால்கூட. ஒரு முடிவுக்கு வந்து அவர் நிமிர்ந்தபோது அவள் ஆஸ்பத்திரியில் இருந்தாள்.

பொது வார்டு. வரிசையாகக் கட்டில்கள், தலைக்கு மேல் கடகடக்கும் ஃபேன்கள், தள்ளுவண்டிகள், பார்க்க வந்தவர்களின் பேச்சு. அவள் முகத்தில் மாட்டியிருந்த ஆக்ஸிஜன் முகமூடியே விடாமல் இரைந்துகொண்டிருந்தது. தனி அறைக்கு அத்தான் மன்றாடிப் பார்த்தார். காலி இல்லை. முகமூடியை ஒரு நிமிஷம் நிறுத்த முடியுமா என்று நர்ஸிடம் கேட்டார். அந்தப் பெண் அவரைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் போனாள். தாளில் பெரிதாக எழுதிக் காட்டினார். அக்காவின் கண்ணில் எழுத்து நிற்கவில்லை. கடைசியில் குனிந்து, காதோடு வாய் வைத்துச் சொன்னார். குரலை உயர்த்திப் பயனில்லை என்று அவருக்குத் தெரியாததா? இருந்தாலும் கத்தினார்.

“தப்பு உம்மேல இல்ல. நீ கவனிச்சுட்டுதான் இருந்த. எனக்குத்தான் தெரியல.”

அக்கா லேசாகச் சிரித்து, தலையை ஆட்டினாள். “சரிங்க.”

அந்தச் சரிங்கவை அவர் எத்தனை வருஷமாகப் பார்த்திருக்கிறார். முகம் அப்படியே வெளிறிப்போயிற்று. அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, ஆய்வறையில் எல்லோரிடமும் கேட்பதைக் கேட்டார்.

“நான் என்ன சொன்னேன்? திருப்பிச் சொல்லு.”

இந்தக் கேள்வி மட்டும் அவளுக்கு எப்படியோ விளங்கிவிட்டது. பாடம் படிக்காமல் வந்த பிள்ளைபோல் மிரண்டு அவரைப் பார்த்தாள். கையால் முகமூடியை விலக்கினாள்.

“கோவிச்சுக்காதீங்க. நான் கவனிக்கலைங்க” என்றாள்.

மறுநாள் விடிவதற்குள் போய்விட்டாள்.