பாட்டும் பாடும்

இசை நாடகம் எழுதும்போது எல்லாருக்கும் நல்லவளாக இருந்துவிடலாம். ஆளுக்கொரு பாட்டு கொடுத்தால் போச்சு. திருத்தும்போதுதான் யாரிடமிருந்தாவது எதையாவது பிடுங்க வேண்டியிருக்கிறது. எனக்குப் பிடுங்கத் தெரிந்தது. பிடுங்கியதைச் சொல்லத்தான் துப்பில்லை.

பகலில் துறைமுகப் பக்கம் ஒரு ஏற்றுமதி அலுவலகத்தில் எனக்கு வேலை. மாலையில் மாதா கோயிலுக்குப் பின்னால் இருக்கும் மண்டபத்தில் ஒத்திகை. முத்துக்குளிப்பில் தொடங்கி கன்டெய்னர் லாரியில் முடிகிற நாடகம். முதல் முழு ஒத்திகையிலேயே இரண்டாம் பாதி இழுவையோ இழுவை. இசையமைக்கும் நண்பர் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சொன்னார்: "அப்பன் பாட்டை எடுத்துருங்க. அங்கனதான் எல்லாம் படுத்துருது." அவர் சொன்னது சரி என்பதுதான் கொடுமை.

கடலுக்குப் போன மகனை நினைத்து அப்பன் தனியாகப் பாடும் பாட்டு அது. பாடியவர் விசைப்படகில் வேலை பார்க்கிறவர், கோயில் பாடகர் குழுவில் பின்வரிசை. அவரைத் தேடிப்போய், "தம்பி, உங்க குரலுக்குன்னே ஒண்ணு எழுதியிருக்கேன்" என்று ஆசை காட்டியது நான்தான். அன்றிலிருந்து படகில் இவர் பாட்டுத் தொல்லை தாங்க முடியவில்லை என்று கூட்டாளிகள் கேலி செய்தார்கள். சாயர்புரத்தில் படிக்கும் மகளோ அப்பா மேடையில் தனியாகப் பாடப்போகிறார் என்றால் நம்பவே இல்லையாம். "முன்னோட்டத்துக்கு ஹாஸ்டல்ல சொல்லிட்டு வாரா அக்கா. வந்து பாக்கட்டும்" என்றார்.

பாட்டை எடுத்தாயிற்று. நானே அவரிடம் சொல்லிவிடுகிறேன் என்று நண்பரிடம் வீரமாகச் சொன்னேன். அந்த வாரம் முழுக்க அவருக்குக் கடல், ஒத்திகைக்கு வரவில்லை. படகு கரைக்கு வந்து மீன் இறக்கும் நேரமாகப் பார்த்துப் போன் செய்தேன். நிதானமாகப் பேசும் நேரத்தில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அங்கே ஐஸ் உடைக்கும் சத்தம், ஏலம் கூறும் சத்தம். "பாட்டு இல்ல தம்பி" என்று முணுமுணுத்தேன்.

"ஆமாக்கா, பாடே இல்ல! வெறும் வலையத்தான் இழுத்துட்டு வாரோம்" என்று கத்தினார்.

எங்கள் பக்கம் வலையில் விழும் மீனுக்குப் பாடு என்று பெயர். மீன் கிடைத்ததா என்று நான் அக்கறையாக விசாரிப்பதாக நினைத்துக்கொண்டார். பாடு இல்லை தம்பி, பாட்டு என்று திருத்த எவ்வளவு நேரம் ஆகும்? "சரி, ஞாயித்துக்கிழமை பாப்போம்" என்று வைத்துவிட்டேன். சொல்லியாகிவிட்டது என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். ஞாயிறு மாலை, ஊராருக்கு முதன்முதலாகப் போட்டுக்காட்டும் முன்னோட்டத்துக்கு அவர் மழமழவென்று சவரம் செய்து வெள்ளை வேட்டியில் வந்து நின்றபோது, உடைகளைச் சரிபார்ப்பதுபோல உள்ளறைக்குள் ஒளிந்துகொண்டேன்.

இரண்டாம் பாதியில் விளக்கு அணைந்ததும் அவர் இருட்டிலேயே நடந்து மேடை நடுவில் போய் நின்றுவிட்டார். விளக்கு வந்தபோது அவரைச் சுற்றி, அவர் பாட்டுக்குப் பிறகு வர வேண்டிய சுங்க அலுவலகக் காட்சி. இரண்டு பேர் ரப்பர் ஸ்டாம்பும் கையுமாக ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர் கீபோர்டைப் பார்த்தார். ஓரத்தில் நின்ற என்னைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு ஓடினார். அதுவும் நாடகம்தான் என்று நினைத்துக் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம்போல இருந்தது.

முடிந்ததும் மகளோடு என்னைத் தேடி வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார். "மன்னிச்சிருங்கக்கா. எந்த இடத்துல விட்டேன்னே தெரியல. உங்க நாடகத்தக் கெடுத்துட்டேன்."

மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "அப்பா பதட்டத்துல மறந்திருப்பாங்க ஆன்ட்டி, திட்டாதீங்க."

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும்.

"பரவாயில்ல தம்பி, எல்லாருக்கும் நடக்குறதுதான்" என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. மகள் பக்கம் திரும்பி, "ஏளா, பாத்தியா, அக்காவுக்கு எவ்வளவு பெரிய மனசுன்னு" என்றார்.