பரீட்சைக்கு ஒரு நல்ல கேஸ்

இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. எரியட்டும், அதை அணைக்க எனக்கு விருப்பமில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நன்றி கெட்டவள் என்பார்கள். இந்தக் கடற்கரைப் பக்கம் மெடிக்கல் காலேஜ்கள் வருவதற்கு முன்னால் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து, பாளையங்கோட்டைக்குக் கொண்டு போகச் சொன்னார்கள். பாதி வழி போவதற்குள் கார் சீட்டிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. இன்றைக்கு ஸ்கேன் இருக்கிறது, ஐ.சி.யூ. இருக்கிறது. எங்கள் தெருப் பெண்கள் பயமில்லாமல் பிரசவத்துக்குப் போய்ப் பிள்ளையோடு திரும்புகிறார்கள். எல்லாம் சரிதான். நான் சொல்லப்போகிற ஆஸ்பத்திரி எது என்று மட்டும் கேட்காதீர்கள்.

என் அண்ணன் சங்கு குளிக்கிறவன். கம்ப்ரசர் ட்யூபை வாயில் கடித்துக்கொண்டு ஆழத்தில் இறங்கிச் சங்கு எடுத்து வருகிற வேலை. ஒருநாள் மேலே வந்து வள்ளத்தில் ஏறியதும் இரண்டு காலும் மரத்துப்போயின. கூடப் போனவர்கள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஆழத்திலிருந்து வேகமாக ஏறினால் ரத்தத்தில் காற்றுக் குமிழி கட்டுமாம், அது தண்டுவடத்தைத் தாக்கியிருக்கிறது என்று வார்டு டாக்டர் விளக்கினார். சின்ன வயது, நல்ல மனுஷன்.

"இங்க சேம்பர் கிடையாதும்மா, சென்னையிலதான் இருக்கு. காத்த அழுத்தி அடைச்ச அறையில படுக்க வச்சா குமிழி கரையும். சீக்கிரம் போகணும். இன்னைக்குப் பேப்பரெல்லாம் எழுதி, நாளைக்குக் காலையில ஆக்ஸிஜன் வண்டியில அனுப்பிடறேன்" என்றார். நான் அப்போதே பையைக் கட்டி வைத்துவிட்டேன்.

காலையில் வண்டி வரவில்லை, பெயிண்ட் வாளிதான் வந்தது. சுவருக்கு வெள்ளை, கட்டிலுக்குப் புது விரிப்பு, நேற்று வரை ஓடாத ஃபேன் ஓடியது. என்ன விசேஷம் என்று கேட்டேன். மறுநாள் பரீட்சையாம். வெளியூரிலிருந்து பெரிய பெரிய டாக்டர்கள் வருவார்களாம். படிக்கிறவர்கள் ஆளுக்கொரு நோயாளியைச் சோதித்து, என்ன நோய், என்ன வைத்தியம் என்று அவர்கள் முன்னால் சொல்ல வேண்டுமாம்.

துறைத் தலைவர் ரவுண்ட்ஸ் வந்தார். அண்ணன் முழங்காலில் சுத்தியலால் தட்டினார், உள்ளங்காலில் கீறிப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்! "நல்ல கேஸ். லேசுல கிடைக்காது. பரீட்சை முடிஞ்சதும் அனுப்பிக்கலாம்" என்றார். வார்டு டாக்டர் அதை அப்படியே சீட்டில் குறித்துக்கொண்டார். நான் விடவில்லை.

"சீக்கிரம் போணும்னு நேத்து இவுகதான சார் சொன்னாக?"

"இங்க பாரும்மா, ரெண்டு நாள்ல ஒண்ணும் ஆயிடாது. நாலு பிள்ளைங்க படிச்சு டாக்டராக வேண்டாமா?"

ஆகட்டுமே! யார் வேண்டாம் என்றது? அதற்கு என் அண்ணன் கால்தானா கிடைத்தது? நாங்களே கூட்டிப் போகிறோம் என்றேன். சொந்தப் பொறுப்பில் போனால் ஆக்ஸிஜன் வண்டி கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அவ்வளவு தூரம், வழியில் மூச்சுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? எனக்குத் துணிச்சல் வரவில்லை.

அண்ணனோ என்னைத்தான் அடக்கினான். "ஏளா, சத்தம் போடாத. டாக்டர்மாரப் பகைச்சிக்கிட்டா நம்மள யாரு பாப்பா? ரெண்டு நாள்தான, கெடந்துட்டுப் போறேன்."

"நீ ஒரு கோட்டிக்காரன்!" என்று அவனையும் திட்டிவிட்டு வராண்டாவில் போய் அழுதேன்.

பரீட்சை அன்று அவன் கட்டிலைச் சுற்றித் திரை கட்டினார்கள். ஒரு மாணவி வந்தாள். தங்கமான பிள்ளை. "வலிக்குதா அண்ணாச்சி?" என்று கேட்டுக் கேட்டுத்தான் தொட்டாள். அண்ணனும் நடந்ததை ஒன்றுவிடாமல் அவளுக்குச் சொன்னான். பிறகு வெளியூர் டாக்டர்களோடு துறைத் தலைவரும் உள்ளே போனார். நான் திரைக்கு வெளியே நின்றேன். கப்பல் ஏஜென்ட் ஆபீசில் வேலை பார்க்கிறவள் நான், அவர்கள் பேசுகிற இங்கிலீஷ் எனக்குப் புரியும்.

"இவருக்கு என்ன வைத்தியம்?" என்று வெளியூர் டாக்டர்களில் ஒருவர் கேட்டார்.

"உடனே சேம்பருக்கு அனுப்பணும் சார்."

"தாமதமானால்?"

"கால் திரும்பி வராமலே போகலாம் சார்."

"வெரி குட்."

வெரி குட்டாம்! திரையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். "அந்தப் பிள்ள சொன்னது சரின்னா, எங்க அண்ணன் ஏன் சார் இன்னும் இங்கன கெடக்கான்?" என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். துறைத் தலைவர் என்னை வெளியே போகச் சொன்னார். வெளியூர்க்காரர் அவரை நிறுத்தி, நோயாளி எப்போது வந்தார் என்று கேட்டார். அந்தப் பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது.

சாயங்காலமே வண்டி வந்துவிட்டது. "முந்தாநாள்ல இருந்து ஷெட்லதான் நிக்கேன் அக்கா, யாரும் கூப்பிடலியே" என்றார் டிரைவர்.

சென்னையில் பல நாள் சேம்பரில் வைத்தார்கள். வலது கால் தேறியது, இடது கால் தேறவில்லை. முன்னமே வந்திருந்தால் தேறியிருக்குமா என்று கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் வந்திருக்க வேண்டும் என்றார்கள்.

அண்ணன் இப்போது கம்பு ஊன்றி நடக்கிறான், கடலுக்குப் போவதில்லை. போன வாரம் திடீரென்று, "ஏளா, அந்தப் பிள்ள பாஸாயிட்டாளா?" என்று கேட்டான். ஆகிவிட்டாளாம் என்றேன். "நல்லா இருக்கட்டும்" என்றான்.

அவள் நல்லா இருக்கட்டும். பரீட்சைக்கு வந்த பிள்ளைக்குத் தெரிந்த பதில் அவளுக்குப் பாடம் நடத்தினவருக்குத் தெரியாதா? தெரிந்துதான் என் அண்ணனை அந்தக் கட்டிலில் போட்டு வைத்தார்.